காலேஜ் ரைட்டிங் கோர்ஸும் கடைசில வர்ற ரிஃப்ளெக்ஷனும்: ஜூனியர்ஸ் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் சென்னைல ப்ளஸ் டூ முடிச்சிட்டு 2019 ஆகஸ்ட்ல அமெரிக்கால ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனேன். முதல் செமஸ்டர்லயே ரைட்டிங் கோர்ஸ் கட்டாயம், அப்புறம் அதே காலேஜோட ரைட்டிங் சென்டர்ல, அதாவது பசங்க எழுதினத எடுத்துட்டு வந்து உக்காந்து பேசற இடத்துல, ட்யூட்டராவும் வேலை பாத்தேன். இப்போ ஊர்ல இருந்து போற பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் அட்மிஷன் வந்த கையோட எனக்கு மெசேஜ் பண்ணுவாங்க, செமஸ்டர் முடியற நேரத்துல இன்னும் அதிகமா வரும், ஏன்னா கடைசில "நீ ஒரு ரைட்டரா எப்படி வளந்தே"ன்னு ஒரு ரிஃப்ளெக்ஷன் எழுதச் சொல்லுவாங்க, அங்கதான் எல்லாரும் முழிப்பாங்க. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

அக்கா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கேன், எனக்கு எதுக்கு ரைட்டிங் கோர்ஸ்?

அங்க பெரும்பாலான காலேஜ்ல நீ எந்த மேஜர் எடுத்தாலும் முதல் வருஷம் எழுத்து கோர்ஸ் ஒண்ணு, சில இடத்துல ரெண்டு, முடிச்சே ஆகணும். பொதுவா 3 கிரெடிட். இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல, ஹார்வர்ட்ல 1874லயே அட்மிஷனுக்கு எழுத்துப் பரீட்சை வச்சாங்க, நிறைய பேருக்கு ஒழுங்கா எழுத வரலன்னு பாத்துட்டு 1885ல முதல் வருஷ பசங்களுக்கு கட்டாய கோர்ஸாவே கொண்டு வந்தாங்க, அதைப் பாத்து மத்த காலேஜ்களும் வரிசையா ஆரம்பிச்சாங்க. நம்ம ஊரு பசங்க இத இங்கிலீஷ் பாடம்னு நெனச்சு "நான்தான் இங்கிலீஷ் மீடியம் ஆச்சே, டோஃபல் வேற நல்ல ஸ்கோர்"னு லேசா எடுத்துக்கறாங்க. அங்க சொல்லித் தர்றது யோசிக்கிறத எழுத்துல எப்படி நடத்துறதுங்கிறது. அமெரிக்கால பொறந்து வளந்த பசங்களுக்கும் அதே கோர்ஸ்தான், அவங்களும் அதே அளவு திணறுவாங்க.

ஸ்கூல்ல நான் கட்டுரைல நல்ல மார்க். அது உதவுமா?

கொஞ்சம் உதவும். முன்னுரை, நடுவுல நாலஞ்சு உள்தலைப்பு, முடிவுரை, முன்னுரைல ஒரு குறள், முடிவுரைல "நாமும் உறுதி ஏற்போம்". இந்த அமைப்புல எழுதி எழுதி கை பழகியிருக்கும், ஒரு விஷயத்த பகுதி பகுதியா பிரிக்கத் தெரிஞ்சிருக்கும், அது நெஜமாவே ஒரு திறமைதான், நம்ம தமிழ் மிஸ்ஸுங்க போட்ட அடித்தளத்த நான் என்னிக்கும் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கட்டுரைல நீ என்ன சொல்லப் போறேங்கிறது எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. மரம் வளர்ப்போம்னு தலைப்பு குடுத்தா மரம் நல்லதுன்னுதான் முடியும். யாரும் மறுத்துப் பேசப் போறதில்லாத விஷயத்துக்கு மூணு பக்கம் எழுதுவோம்.

அமெரிக்க பசங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, அஞ்சு பாரா கட்டுரைன்னு, ஒரு அறிமுகம், மூணு பாய்ண்ட், ஒரு முடிவு. முதல் வாரத்துலயே எங்க ப்ரொஃபசர் அத விட்டுட்டு வாங்கன்னு சொன்னாங்க. அதனால நீ பின்தங்கிப் போறேன்னு பயப்படாத, கிளாஸ்ல எல்லாருமே பழகின ஒண்ண கழட்டி வச்சிட்டுதான் ஆரம்பிக்கிறாங்க.

நீங்க என்ன டாபிக் எடுத்தீங்க? டாபிக் எப்படி தேர்ந்தெடுக்கறது?

நான் கெளம்பின வருஷம் சென்னைல தண்ணி இல்ல. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் கிட்டத்தட்ட காஞ்சு கெடந்துச்சு. எங்க தெருவுல லாரி எப்ப வரும்னு தெரியாம முந்தின ராத்திரியே குடத்த வரிசைல வச்சிட்டு வந்து படுப்போம், பச்சை, சிவப்பு, மஞ்சள்னு பிளாஸ்டிக் குடம் முக்கு வரைக்கும் நிக்கும், யாரு குடம் எதுன்னு அடையாளத்துக்கு கழுத்துல துணி கட்டி வச்சிருப்பாங்க. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்து வில்லிவாக்கத்துல எறக்குனாங்க, 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர். அது டிவில ஓடினத எல்லாரும் பாத்தோம். இத மனசுல வச்சிட்டுதான் ரிசர்ச் பேப்பருக்கு சென்னை தண்ணிப் பஞ்சம்னு எடுத்தேன்.

டாபிக் எடுக்கறதுக்கு நான் சொல்ற ஒரே வழி இதுதான், உனக்கு நேர்ல தெரிஞ்ச, ஆனா இன்னும் புரியாத விஷயத்த எடு. தெரிஞ்சதா இருந்தா விவரம் வரும், புரியாததா இருந்தா கேள்வி வரும். குளோபல் வார்மிங், சோஷியல் மீடியா நல்லதா கெட்டதா, இதெல்லாம் எடுத்தா ரெண்டுமே வராது.

முதல் டிராஃப்ட் எப்படி இருந்துச்சு? உண்மையா சொல்லுங்க.

மத்த எல்லாரோடதும் எப்படி இருந்துச்சோ அப்படித்தான். "தண்ணீர் மனித வாழ்க்கைக்கு மிக அவசியம்"னு ஆரம்பிச்சு, சென்னைல பஞ்சம் கடுமையா இருந்துச்சுன்னு சொல்லி, ரயில் வந்தத ஒரு பக்கம் விவரிச்சு, அரசாங்கமும் மக்களும் தேவையான நடவடிக்கை எடுக்கணும்னு முடிஞ்சுது. இலக்கணப் பிழை அதிகமில்ல. ப்ரொஃபசர் ஓரத்துல எழுதினது ரெண்டே ரெண்டு குறிப்பு. ரயில் பத்தி எழுதின பாராகிட்ட "இது எவ்வளவு?"ன்னு ஒண்ணு. கடைசி வரிகிட்ட "இத யாராவது மறுப்பாங்களா?"ன்னு ஒண்ணு.

முதல் குறிப்பு எனக்கு புரியவே இல்ல, 25 லட்சம் லிட்டர்னு தெளிவா போட்டிருக்கேனேன்னு ஆஃபீஸ் ஹவர்ஸ்ல, அதாவது ப்ரொஃபசர் பசங்கள பாக்கறதுக்குன்னு ஒதுக்கி வச்ச நேரத்துல, போய் கேட்டேன். அவங்க பதிலே சொல்லல, ஊருக்கு மொத்தம் எவ்வளவு வேணும்னு திருப்பி கேட்டாங்க. போய் பாத்தா சென்னைக்கு சாதாரண காலத்துல ஒரு நாளைக்கு சப்ளை சுமார் 80 கோடி லிட்டர். அப்போ அந்த ரயில் கொண்டு வந்தது ஒரு நாள் தேவைல ஆயிரத்துல மூணு பங்கு. நான் பேப்பரோட நடுநாயகமா வச்சிருந்த ரயில், கணக்குப் போட்டா ஊருக்கு ஒரு அஞ்சு நிமிஷம்கூட தாங்காது. அந்த நிமிஷத்துல எனக்கு கோர்ஸ் எதுக்குன்னு புரிஞ்சுது. நம்பர எழுதறது வேற, பக்கத்துல இன்னொரு நம்பர வச்சு அது என்ன சொல்லுதுன்னு பாக்கறது வேற.

பியர் ரிவ்யூ பயனுள்ளதா? கிளாஸ்மேட்டுக்கு என்ன தெரியும்னு திருத்தறாங்க?

திருத்தறதுக்கு இல்ல, படிக்கிறதுக்கு. உன் டிராஃப்ட்ட ரெண்டு மூணு பேரு படிச்சிட்டு எங்க புரியல, எங்க போரடிச்சுது, எங்க இன்னும் கேக்கணும்னு தோணுச்சுன்னு சொல்றதுதான் வேலை. நம்மாளுங்க ரெண்டு தப்பு பண்றாங்க: ஒண்ணு, நல்லாருக்குன்னு சொல்லிட்டு விட்டுடறது, மனசு நோகக்கூடாதுன்னு. இன்னொண்ணு, கமா எங்க விட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்றது. ரெண்டும் எழுதினவங்களுக்கு உதவாது.

என் டிராஃப்ட்ட படிச்சது ஒஹையோல ஒரு சின்ன ஊரு பொண்ணு. அவளுக்கு லாரி தண்ணின்னா என்னன்னே தெரியல, குழாய்ல வராதா, அப்போ லாரிய யாரு அனுப்புறா, காசு குடுக்கணுமா, ஏன் குடம் மட்டும் வரிசைல நிக்குது, ஆளு எங்க, இப்படி கேட்டுக்கிட்டே போனா. எங்க தெருவுல ஒரு குழந்தைக்கும் தெரிஞ்ச விஷயத்த நான் பேப்பர்ல எங்கயுமே சொல்லல. அதுக்கப்புறம் அவ கேட்ட கேள்விதான் பேப்பரையே மாத்துச்சு. நான் ஒரு இடத்துல சென்னைக்கு வருஷ சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்னு போட்டிருந்தேன். அவ போன்ல பாத்துட்டு, சியாட்டில்ல எப்பவும் மழைன்னு சொல்லுவாங்க, அங்கயே இவ்வளவு இல்ல, அப்புறம் உங்க ஊருக்கு ஏன் தண்ணி இல்லன்னு கேட்டா. பதில் என்கிட்ட இல்ல. அந்த ஊர்லயே வளந்த எனக்கு அந்தக் கேள்வி தோணினதே இல்ல.

அவளுக்கு பதில் தேடிப் போனதுதான் என் ரெண்டாவது டிராஃப்ட். மழைல பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை, அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள, அதுவும் கொஞ்ச நாள்லயே கொட்டித் தீந்துடும். அத பிடிச்சு வைக்க அந்த நாலு ஏரியும் சேத்து கிட்டத்தட்ட 11 டிஎம்சிதான். பிடிச்சு வச்சுக்கிட்டு இருந்த பள்ளிக்கரணை மாதிரி சதுப்புநிலத்துல பெரும்பகுதி ரோடும் கட்டடமும் ஆயிடுச்சு. 2015 டிசம்பர்ல முழுகின அதே ஊரு 2019 ஜூன்ல காஞ்சு நின்னுது, இந்த ரெண்டும் ஒரே காரணத்தோட ரெண்டு முகம்ங்கிறதுதான் கடைசில என் தீசிஸ், அதாவது பேப்பரோட மைய வாதம், ஆச்சு. இத மறுக்க ஆளு உண்டு, 2018ல பருவமழை பொய்த்ததுதான் காரணம், ஊர குத்தம் சொல்லாதீங்கன்னு சொல்லலாம், அதுல நியாயமும் இருக்கு, அதுக்கும் ஒரு பாரா எழுத வேண்டி வந்துச்சு. 2003லயே தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்ப எல்லா கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிட்டாங்களே, அப்புறம் ஏன்னு இன்னொரு கேள்வியும் நின்னுது, அதுக்கும் பதில் சொல்லாம நகர முடியல.

டிராஃப்ட்ட திரும்பத் திரும்ப எழுதச் சொல்றாங்க. நான் வார்த்தைய மாத்திக் குடுத்தா போதாதா?

போதாது, பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. 1980ல நான்சி சாமர்ஸ்னு ஒரு ஆய்வாளர் இதப் பத்தியே ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, காலேஜ் முதல் வருஷ பசங்க 20 பேரு, அனுபவமான எழுத்தாளர்கள் 20 பேரு, ரெண்டு குழுவும் எப்படி திருத்தி எழுதறாங்கன்னு பாத்தாங்க. பசங்க வார்த்தைய மாத்துறாங்க, ஒரே வார்த்தை ரெண்டு தடவ வந்தா எடுக்கறாங்க, அதோட முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க. அனுபவசாலிங்க நான் என்னதான் சொல்ல வர்றேன்னு தேடுறாங்க, வாதத்தோட உருவத்தையே மாத்துறாங்க, படிக்கிறவங்கள நெனச்சு மாத்துறாங்க. ட்யூட்டரா இருந்தப்ப நான் பாத்ததும் அச்சு அசலா இதேதான்.

ஒரு வழி சொல்றேன், எங்க கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தது, நான் இன்னிக்கும் ஆபீஸ் ரிப்போர்ட்டுக்குக்கூட பண்றேன். டிராஃப்ட்ட பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு பாராவுக்கும் பக்கத்துல அது என்ன சொல்லுதுன்னு ஒரு வரி எழுது, அப்புறம் பாராவ மூடிட்டு அந்த வரிங்கள மட்டும் வரிசையா படி. ரெண்டு பாரா ஒரே விஷயத்த சொல்லுதா, நடுவுல ஒரு படி விட்டுப்போச்சா, முக்கியமானது நாலாவது பக்கத்துல ஒளிஞ்சிருக்கா, எல்லாம் வெளிய வந்துடும். அனேகமா உன் நெஜமான தீசிஸ் கடைசி பாராலதான் இருக்கும், எழுதி எழுதி அங்க வந்துதான் கண்டுபிடிச்சிருப்பே. அத தூக்கி முன்னாடி வச்சு மறுபடி எழுதணும். வேலைதான், வேற வழியில்ல.

என் இங்கிலீஷ்ல இந்திய வாடை அடிக்கும்னு பயமா இருக்கு.

அடிக்கட்டும். அங்க காலேஜ் எழுத்து டீச்சர்களோட தேசிய அமைப்பே 1974ல, மாணவர்களுக்கு தங்களோட சொந்த மொழி வழக்குல எழுத உரிமை உண்டுன்னு தீர்மானம் போட்டிருக்கு. எல்லா ப்ரொஃபசரும் அப்படியே நடப்பாங்கன்னு இல்ல, சிலர் கறாரா இருப்பாங்க. ஆனா கிரேடு குறையறது பெரும்பாலும் வாதம் தெளிவா இல்லாததாலதான், ஆர்ட்டிகிள் விட்டுப்போனதால இல்ல. கடைசி டிராஃப்ட்டுக்கு மட்டும் கிராமர் பாரு, முதல்லயே பாத்தா எழுதவே முடியாது.

ரைட்டிங் சென்டர் போனா திருத்திக் குடுப்பாங்களா?

மாட்டாங்க. பேப்பர வச்சிட்டு சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்னு சொன்னவங்களும் உண்டு, அவங்கள உக்கார வச்சு சத்தமா படிக்கச் சொல்லுவேன். சத்தமா படிக்கும்போது பாதி வாக்கியத்துல அவங்களே நிப்பாட்டி "இது நான் சொல்ல வந்தது இல்ல"ன்னு சொல்லுவாங்க. அதுக்குதான் சென்டர். காசு கிடையாது, அப்பாயிண்ட்மெண்ட் போட்டுக்கலாம், எழுதவே ஆரம்பிக்காம வெறும் கேள்வித்தாளோடயும் போகலாம். சப்மிட் பண்ற அன்னிக்கு காலைல மட்டும் போகாத, அன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

பிளேஜியரிசம்னு ரொம்ப பயமுறுத்தறாங்களே, நெஜமாவே அவ்வளவு சீரியஸா?

ஆமா. நம்ம ஊர்ல நோட்ஸ்ல உள்ளத அப்படியே எழுதினாதான் முழு மார்க்னு பழகிட்டோம். அங்க அடுத்தவங்க வரிய எடுத்தா மேற்கோள் குறி, உன் வார்த்தைல மாத்தி எழுதினாலும் எங்க இருந்து எடுத்தேன்னு சொல்லணும், ரெண்டாவதுதான் நிறைய பேருக்கு தெரியாம மாட்டிக்கறாங்க. எங்க இருந்து எடுத்தேன்னு குறிப்பு போடறதுக்கு எம்எல்ஏ, ஏபிஏன்னு ஃபார்மட் இருக்கு, எதுன்னு சிலபஸ்ல போட்டிருக்கும், பர்டியூ யூனிவர்சிட்டியோட ஆன்லைன் ரைட்டிங் லேப் 1994ல இருந்தே இருக்கு, அங்க ஒவ்வொண்ணுக்கும் மாதிரி கெடைக்கும், அத பாத்து போடு, மனப்பாடம் பண்ணாத.

கடைசில ரிஃப்ளெக்ஷன் லெட்டர் எழுதச் சொல்றாங்க. "நான் நிறைய கத்துக்கிட்டேன்"னு எழுதறத தவிர என்ன இருக்கு?

அதிகமா வர்ற கேள்வி இதுதான். முதல்ல அது எதுக்குன்னு சொல்றேன். பல காலேஜ்ல செமஸ்டர் கடைசில போர்ட்ஃபோலியோ குடுக்கணும், அதாவது உன் டிராஃப்ட், திருத்தின பேப்பர் எல்லாம் சேத்து ஒரு தொகுப்பு, முன்னாடி அந்த லெட்டர். 1980கள்ல நியூயார்க் மாகாணத்துல ஸ்டோனி புரூக் யூனிவர்சிட்டில, ஒரே உக்காருல எழுதற பரீட்சைய வச்சு ஒருத்தர் எழுத்த எடை போட முடியாதுன்னு, அதுக்குப் பதிலா இந்த முறைய கொண்டு வந்தாங்க, அப்புறம் நாடு முழுக்க பரவுச்சு. அதனால அந்த லெட்டரப் படிக்கிறவங்களுக்கு வேண்டியது நன்றியுரை கிடையாது. கோர்ஸ் அருமை, ப்ரொஃபசர் அருமை, எனக்கு தன்னம்பிக்கை வந்துச்சு, இதெல்லாம் எந்தப் பையன் எந்த கோர்ஸுக்கும் எழுதலாம்.

ரெண்டு மாதிரி தமிழ்ல காட்டறேன். முதல் மாதிரி: "இந்த கோர்ஸ் மூலம் என் தீசிஸ் எழுதும் திறன் வெகுவாக மேம்பட்டது. பியர் ரிவ்யூ மிகவும் பயனுள்ளதாக இருந்தது." இத வச்சு யாரும் உன்னப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. ரெண்டாவது, என் லெட்டர்ல இருந்து: "முதல் டிராஃப்ட்டின் மூன்றாம் பக்கத்தில் ரயிலைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன். கடைசி டிராஃப்ட்டில் அது இரண்டு வரி. ஏனென்றால் ஊரின் ஒரு நாள் தேவையோடு ஒப்பிட்டபோது அது சாட்சியாக நிற்கவில்லை, காட்சியாகத்தான் நின்றது. அதை எடுத்த இடத்தில் மழை எந்த மாதங்களில் பெய்கிறது என்ற விவரம் வந்திருக்கிறது, ஏனென்றால் என் வாசகி கேட்டது அதைத்தான்." இதுல எந்தப் பக்கம், என்ன இருந்துச்சு, என்ன ஆச்சு, ஏன்னு நாலும் இருக்கு. படிக்கிறவங்க டிராஃப்ட்ட திருப்பிப் பாத்து சரின்னு தெரிஞ்சுக்கலாம்.

வளர்ச்சின்னா எல்லாத்துலயும் மேல போனதா காட்டணும்னு இல்ல. எனக்கு அறிமுக பாரா எழுத கடைசி வரைக்கும் ஒழுங்கா வரல, அதையும் லெட்டர்ல எழுதினேன், மூணு வெர்ஷன் எடுத்துக் காட்டி ஒவ்வொண்ணும் ஏன் நிக்கலன்னு சொன்னேன். ட்யூட்டரா இருந்தப்ப நான் படிச்ச ரிஃப்ளெக்ஷன்ல மனசுல நின்னது எல்லாம் இந்த மாதிரி ஒரு இடத்த விடாம பிடிச்சு பாத்ததுதான். இன்னொண்ணு, லெட்டர் எழுத உக்காரும்போதுதான் நீ என்ன பண்ணினேன்னு உனக்கே தெரிய வரும், அதுக்கு முன்னாடி தெரியாது. அதனால அத கடைசி ராத்திரி ஒரு மணி நேரத்துல முடிச்சிடாத, அந்த கோர்ஸ்ல உனக்குன்னு நீ எழுதற ஒரே பேப்பர் அதுதான்.

சாட்ஜிபிடி கிட்ட குடுத்தா ரிஃப்ளெக்ஷன் எழுதித் தருமே?

2022 நவம்பர்ல அது வந்ததுல இருந்து இந்தக் கேள்வி இல்லாத செமஸ்டர் இல்ல. சிலபஸ்ல என்ன ரூல் போட்டிருக்காங்கன்னு முதல்ல படி, கிளாஸுக்கு கிளாஸ் மாறும், மீறினா காலேஜ்ல ஒழுங்கு நடவடிக்கை கேஸ் ஆயிடும். ரூல விடு, உன் எந்தப் பாராவ நீ ஏன் எடுத்தேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அது மேல சொன்ன முதல் மாதிரியத்தான் இன்னும் அழகா எழுதிக் குடுக்கும். நீ மூணு மாசம் பண்ணின வேலைய பத்தி உனக்கே தெரியாம போறதுல எனக்கு உண்மையாவே வருத்தம் இருக்கு.

எங்க பொண்ணுக்கு பி கிரேடுதான் வந்திருக்கு, எழுத்துல வீக்னு அர்த்தமாம்மா?

இல்லங்க ஆன்ட்டி. முதல் பேப்பருக்கும் கடைசி பேப்பருக்கும் வித்தியாசம் தெரியுதான்னு அவகிட்டயே கேட்டு ரெண்டையும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. கிரேடு சொல்லாதது அதுல தெரியும்.

இங்கிலீஷ்ல கத்துக்கிட்டது தமிழ்ல எழுத உதவுச்சா?

ரொம்ப. வாட்ஸ்ஆப்ல சித்தப்பாவுக்கு எங்க அபார்ட்மெண்ட் போர்வெல் பிரச்சனைய எழுதி அனுப்பினாலும், அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும், எங்க மறுப்பாருன்னு யோசிச்சுதான் எழுதறேன். அசோசியேஷன் மீட்டிங்குக்கு ஒரு மனு எழுதினப்ப பழைய பழக்கத்துல "தண்ணீர் இன்றியமையாதது"ன்னு ஆரம்பிக்காம, நம்ம பிளாக்ல மாசம் எத்தன லாரி வாங்கறோம், அதுக்கு எவ்வளவு ஆகுது, மொட்டைமாடி மழைத்தண்ணி எந்தக் குழாய் வழியா தெருவுக்குப் போகுதுன்னு ஆரம்பிச்சேன். படிச்சவங்க சண்டை போட்டாங்க, கேள்வி கேட்டாங்க, அதுவே எனக்கு சந்தோஷம், ஏன்னா முன்னாடி எழுதினதெல்லாம் தலையாட்டிட்டு விட்டுடுவாங்க.

இப்போதான் கோர்ஸ் ஆரம்பிக்குது. முதல் நாள்ல இருந்து என்ன பண்ணணும்?

எதையும் அழிக்காத. ஒவ்வொரு டிராஃப்ட்டையும் தேதி போட்டு தனி ஃபைலா சேவ் பண்ணு, கூகுள் டாக்ஸ்ல வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கேன்னு அத மட்டும் நம்பாத, முழுசா மாத்தி எழுதும்போது நம்ம புது ஃபைல் தொறந்துடுவோம், பழசு எங்கயோ போயிடும். வெட்டி எடுத்த பாராவுக்குன்னு தனியா ஒரு ஃபைல் வை. ப்ரொஃபசர் ஓரத்துல எழுதின குறிப்ப போட்டோ எடுத்து வை, பியர் ரிவ்யூல வாயால கேட்ட கேள்விய அன்னிக்கே குறிச்சுக்கோ, அது ரெண்டு நாள்ல மறந்துடும். ஆஃபீஸ் ஹவர்ஸ் எந்தக் கெழமைன்னு சிலபஸ்ல இருக்கும், ரெண்டாவது வாரத்துக்குள்ள ஒரு தடவையாவது போயிட்டு வா, போகும்போது டிராஃப்ட்ல உனக்கே திருப்தி இல்லாத ஒரு பாராவ எடுத்துட்டுப் போ.